பத்து மணிக் கட்டைவிரல்

காலை வணக்கம் சொல்லி ரோஜாப்பூப் படம் அனுப்புகிறவர்களை நான் ஒருநாளும் கேலி செய்தவன் அல்ல. அந்தப் பூவுக்குப் பின்னால் சூரியன் ஏன் பச்சை நிறத்தில் உதிக்கிறது என்றெல்லாம் கேட்கக் கூடாது. ஒரு மனிதர் எழுந்துவிட்டார், பல் துலக்கும் முன்பே நம்மை நினைத்திருக்கிறார், சேதி அவ்வளவுதான். எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் அப்படி ஏழெட்டு ரோஜா பூக்கும். ஒவ்வொன்றுக்கும் நான் பதில் வணக்கம் போடுவேன். என் வணக்கத்துக்கு யாரும் பதில் போட மாட்டார்கள். அதை நான் பெரிதுபடுத்தியதில்லை.

நான் சொல்லச் சொல்ல உங்கள் ஆள் எழுதிக்கொள்வார் என்றீர்கள், மேடம். நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டது திமிரால் அல்ல. எழுதுவது என் பிழைப்பு. ஒரு பெரிய கம்பெனியின் புகார்ப் பிரிவுக்கு வீட்டிலிருந்தபடியே பதில் கடிதம் எழுதுகிறேன். வாங்கி ஒரு வாரம் ஆகாத சலவை இயந்திரம் சட்டையோடு சேர்த்து மானத்தையும் கிழித்துவிட்டது என்று ஒருவர் கொதித்துப்போய் எழுதுவார். படித்து முடிக்கும்போது அவருக்கே நம்மிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றும்படி பதில் எழுதத் தெரிய வேண்டும். எனக்குத் தெரியும். கீழே கையெழுத்து மட்டும் மேலாளருடையது.

எங்கள் பிரிவில் ஒரு பழக்கம் உண்டு. ஊறப்போடுவது என்போம். ரொம்பக் கோபமாக வரும் கடிதத்துக்கு உடனே பதில் எழுதக் கூடாது. இரண்டு நாள் அப்படியே கிடக்கட்டும் என்று விட வேண்டும். அதற்கு அப்புறம் போன் செய்தால் பாதிப் பேர், "அட, விடுங்க சார்" என்பார்கள். மீதிப் பேருக்குக் குரல் இறங்கியிருக்கும். கோபத்துக்குத் தீனி போட்டால்தான் அது வளரும், கண்டுகொள்ளாமல் விட்டால் தானாக அடங்கும். என் இத்தனை வருட அனுபவத்தில் இது தப்பியதே இல்லை.

எங்கள் குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தரைத் தளத்துப் பல் டாக்டர்தான் அதன் நிர்வாகி. அரசியல் பேசக் கூடாது என்பது அவர் போட்ட ஒரே கட்டளை. மற்றபடி, லிஃப்டில் ஈரக்குடையை விரித்து வைத்தது யார், தண்ணீர் மோட்டாரை நிறுத்த மறந்தது யார், மாடியில் காயப்போட்ட போர்வை மேல் படுத்த பூனை யாருடையது, இப்படியே பொழுது போகும். இரண்டாவது மாடியில், எனக்கு நேர் கீழே, தையல் அக்கா இருக்கிறார். அவர் ஒரு கேள்வி கேட்டால் பத்துப் பேர் பதில் சொல்வார்கள். நான் ஒரு பதில் சொன்னால் பேச்சு அங்கேயே படுத்துக்கொள்ளும். குழுவில் பாதிப் பேருக்கு என் பெயர் தெரியாது. "மூணாவது மாடியில இன்னொருத்தர் இருக்காரே" என்று ஒருமுறை யாரோ எழுதியிருந்தார்கள். அந்த இன்னொருத்தர் நான்தான்.

மூன்றாவது மாடியில் எல்லோருக்கும் தெரிந்த ஆள் என் பக்கத்து வீட்டு டைம்கீப்பர். பஸ் டிப்போ வாசலில் நின்று, வண்டி வருவதையும் போவதையும் பார்த்து டிரைவர்களைக் காய்ச்சி எடுத்தே ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் கடல் கடந்து வேலையில் இருக்கிறாள். அவர் குழுவில் எழுத மாட்டார், குரலில்தான் பேசுவார். முதலில் ஒரு இருமல் வரும், அப்புறம் வசவு. "லிஃப்ட்ல குப்பைப் பையை வச்சிட்டுப் போன எருமை யாரு?" என்று கேட்பார். ஒருநாள் பல் டாக்டர் இதைக் கைமறதியாகச் சத்தமாகப் போட்டுவிட, வாயைத் திறந்து படுத்திருந்த நோயாளி தன்னைத்தான் சொல்கிறார் என்று எழுந்து போய்விட்டாராம்.

கட்டைவிரல் விதியைக் கொண்டுவந்தவரும் இவர்தான். முதல் மாடியில் தனியாக இருந்த ஒரு அம்மா இறந்துபோய், பல நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அன்று சாயங்காலம் எல்லோரும் குழுவில் அழுகை பொம்மை போட்டுக்கொண்டிருந்தபோது இவருடைய குரல் வந்தது.

"பொம்மை போட்டு அழுதது போதும். ஒருத்தர் செத்தா, நாத்தம் அடிச்சுத்தான் அடுத்த வீட்டுக்குத் தெரியணுமா? தனியா இருக்கிற ஒவ்வொருத்தரும் காலைல பத்து மணிக்குள்ள இங்க ஒரு கட்டைவிரல் வைக்கணும். வைக்கலன்னா பக்கத்து வீட்டுக்காரன் போய்க் கதவைத் தட்டணும். வர வேண்டிய வண்டி வரலன்னா தேடிப் போவோம்ல, அதேதான்."

எங்கள் கட்டடத்தில் தனியாக இருப்பது நான், அவர், தையல் அக்கா. மூவரும் தினமும் கட்டைவிரல் வைத்தோம். நான் வைக்காவிட்டால் அவர் தட்ட வேண்டும். அவர் வைக்காவிட்டால் நான் தட்ட வேண்டும். மூன்றாவது மாடியில் வேறு வீடு கிடையாது.

ஒருமுறை எனக்குக் கடும் காய்ச்சல். காய்ச்சல் என்று முதல் நாளே குழுவில் எழுதியிருந்தேன். அதற்குக் கீழே தையல் அக்கா தன் நீல வாளியைக் காணோம் என்று எழுத, மொத்தக் குழுவும் வாளியைத் தேடப் போய்விட்டது. மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை, கட்டைவிரலும் வைக்கவில்லை. பத்து மணி தாண்டியதும் கதவில் இரண்டு தட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் இரண்டு தட்டு. பஸ்ஸின் பக்கவாட்டில் இரண்டு தட்டினால் கிளம்பு என்று அர்த்தமாம், அந்தப் பழக்கம் அவருக்கு விடவில்லை. நான் கிளம்பாததால் தோளால் இடித்து, தாழ்ப்பாளைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"உயிரோடதான் இருக்கியா? ஒரு விரலைத் தூக்கறதுக்கு உனக்கு என்னடா கேடு?" என்று திட்டிக்கொண்டே நெற்றியில் ஈரத்துணி போட்டார். பாலும் ரொட்டியும் கொண்டுவந்தார். நான் தின்று முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து, ஏதோ வண்டி தாமதமாவதைப் போல, கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காய்ச்சல் இருந்த இரண்டு நாளும் அப்படித்தான். அந்தத் தாழ்ப்பாளை அவர் கடைசிவரை சரிசெய்து தரவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

நோயாளி ஓடிப்போன பிறகு பல் டாக்டர், இனிமேல் குரல் வேண்டாம், எழுதுங்கள் என்று அவரிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். அவருக்குக் கண் மங்கல். கட்டைவிரல் பொம்மையை மட்டும் இடம் பார்த்து அமுக்கத் தெரியும். என்னிடம் வந்து, "நான் சொல்றேன், நீ அடி" என்றார். அவருடைய சின்னப் போனில் அடிக்க எனக்குக் கை வரவில்லை என்று, அவர் கணக்கை என் கணினியோடு இணைத்துக்கொண்டேன். அவர் முன்னால்தான் இணைத்தேன். ஒளித்து எதுவும் செய்யவில்லை.

"மத்தியானம் தையல் மெஷினை ஓட்டினா, அதைத் தூக்கித் தெருவுல வீசுவேன்னு அடி" என்றார். நான் இப்படி அடித்தேன்: "அக்கா, உங்கள் மெஷின் ஓடும் சத்தம் கேட்டால் வீட்டில் ஆள் இருக்கிற தெம்பு வருகிறது. மத்தியானம் ஒரு மணி நேரம் அதற்கும் ஓய்வு கொடுங்கள், உங்களுக்கும் கொடுங்கள்." அக்கா மூன்று இதயம் போட்டார். மறுநாளிலிருந்து மத்தியானத்தில் மெஷின் ஓடவில்லை. டைம்கீப்பருக்கு ஒரே பெருமை. "பாத்தியா, அதட்டினாத்தான் அடங்குறாங்க" என்றார்.

அதற்கு அப்புறம் எனக்குக் கை நிற்கவில்லை. அவர் சொன்னதை மாற்றி எழுதியவன், அவர் சொல்லாததையும் எழுதத் தொடங்கினேன். மாடிப் பூனையை வளர்க்கும் பூனைக்காரருக்காக, அந்தப் பூனையிடமே மன்னிப்புக் கேட்டு வேடிக்கையாக ஒரு கடிதம் எழுதினேன். பல் டாக்டரின் பிறந்தநாளுக்கு, கட்டடத்தின் பற்கள் சார்பாக வாழ்த்து எழுதினேன். சிரிப்பு பொம்மைகள் கொட்டின. நான் பல வருடம் போட்ட வணக்கங்களுக்கெல்லாம் சேர்த்து வராத பதில், டைம்கீப்பர் பெயரில் ஒரே மத்தியானத்தில் வந்தது. நேரில் அவர் முன்போலவே எரிந்து விழுந்தார். ஆனால் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. சார் வாய்தான் அப்படி, மனசு குழந்தை என்று முடிவு கட்டிவிட்டார்கள். லிஃப்டில் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். இதை யார் செய்து கொடுத்தது என்று கேட்டுப் பாருங்கள்.

தையல் அக்காவின் கணவருடைய நினைவு நாள் வந்தது. நான் டைம்கீப்பராக நாலு வரி எழுதினேன். நல்ல வரிகள். மறுநாள் அக்கா அவரைப் படிக்கட்டில் நிறுத்தி, கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நேராக என் வீட்டுக்கு வந்து, தன் பெயரில் என்னென்ன எழுதியிருக்கிறதோ, எல்லாவற்றையும் படிக்கச் சொன்னார். படித்தேன். சிரிக்க வேண்டிய இடங்களில் நிறுத்திக்கூடப் படித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இதுல நான் எங்கடா இருக்கேன்?" என்று கேட்டார்.

மறுபடியும் முதலிலிருந்து படிக்கட்டுமா என்றேன். எழுந்தார். "நாளைக்குக் காலைல கட்டைவிரல் வச்ச கையோட, என் வாயாலயே எல்லாத்தையும் சொல்லிடறேன். அந்தத் தையல் பொண்ணு என் கையைப் பிடிச்சு அழுவுது. எனக்கு அசிங்கமா இருக்கு" என்றார். வாசல்வரை போனவர் திரும்பி, "நல்லாத்தான் எழுதற. உன் பேர்லயே எழுதித் தொலையேன்டா" என்றார்.

அவர் கோபத்தில் ஒரு முடிவு எடுத்திருந்தார். கோபத்தில் எடுக்கும் முடிவு எதுவும் நிற்காது என்பது என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது. அவர் சொல்லியிருந்தால் எனக்கு என்ன ஆகியிருக்கும் என்பதை விடுங்கள். நான் பழையபடி இன்னொருத்தர் ஆகியிருப்பேன், அவ்வளவுதானே. அக்காவுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மறுநாள் காலை பத்து மணி நெருங்கியது. அவருடைய கட்டைவிரல் வரவில்லை. நான் கணினியில் அவர் கணக்கைத் திறந்து வைத்திருந்தேன். பத்தடிக்கக் கொஞ்சம் இருக்கும்போது, அவர் சார்பில் ஒரு கட்டைவிரல் வைத்தேன். ரொம்பச் சின்னப் படம் அது, மேடம். அவருக்காக அதற்குள் எத்தனையோ எழுதியாகிவிட்டது, இது ஒன்றும் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. வைத்தவுடன் மனசு லேசானது. விதிப்படி இனி யாரும் யார் கதவையும் தட்ட வேண்டியதில்லை.

மத்தியானம் தையல் அக்கா குழுவில் கேட்டார்: "மேல ஏதோ டக் டக்னு சத்தம் கேக்குதே, குழாய் வழியா வருது. உங்க யாருக்காவது கேக்குதா?"

எனக்குக் காலையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தது. அவருடைய குளியலறைக்கும் என்னுடையதற்கும் நடுவில் ஒரே சுவர், ஒரே குழாய், அது அப்படியே கீழே இறங்கிப் போகிறது. எட்டு மணிவாக்கில் ஏதோ கனமாக விழுந்த சத்தம். தம்பி என்று ஒரு கூப்பாடு. அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதே அந்த ஒருமுறைதான். அப்புறம் குழாயில் இரண்டு தட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் இரண்டு தட்டு.

அக்காவுக்கு நான் டைம்கீப்பராகப் பதில் எழுதினேன். "மன்னிக்கணும் அக்கா, நான்தான். குழாய் ரிப்பேர் பார்க்கிறேன். பஸ்ஸைத் தட்டின கை, குழாயைப் பார்த்தாலும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது." கூடவே கைகூப்பும் பொம்மை ஒன்று. அக்கா சிரித்தார். பல் டாக்டர், பல்லையும் குழாயையும் தானே பிடுங்கக் கூடாது, ஆளைக் கூப்பிடுங்கள் என்று எழுதினார். பூனைக்காரர் ஒரு நல்ல பிளம்பரின் எண்ணை அனுப்பினார். எங்கள் குழு இவ்வளவு கலகலப்பாக இருந்த மத்தியானம் எனக்கு நினைவில்லை. தட்டுகிற சத்தத்தில் சரியாக எழுத வராது என்று நான் கணினியை முன் அறைக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

ஏன் போய்ப் பார்க்கவில்லை என்று நேற்று நாலைந்து விதமாகக் கேட்டீர்கள். நான் ஊறப்போட்டேன், மேடம். அவ்வளவுதான். உடனே போய்க் கதவைத் திறந்திருந்தால் முதல் வேலையாக என்ன செய்திருப்பார்? வலியோடும் கோபத்தோடும் எல்லாவற்றையும் போட்டு உடைத்திருப்பார். இரண்டு நாள் போனால் குரல் இறங்கும், நிதானமாகப் பேசலாம் என்று இருந்தேன். குரல் இறங்கத்தான் செய்தது. மறுநாள் காலையில் தட்டல் இரண்டு இரண்டாக இல்லை, ஒற்றையாக இருந்தது. பத்து மணிக்குள் நான் கட்டைவிரல் வைத்தேன், அவருடையதையும் என்னுடையதையும். மத்தியானத்துக்கு மேல் சத்தம் நின்றுவிட்டது. கோபம் ஆறிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

மாட்டிக்கொண்டது என் எழுத்தால்தான். அன்று சாயங்காலம் மகள் போன் செய்திருக்கிறாள், அவர் எடுக்கவில்லை. அவளும் எங்கள் குழுவில் இருப்பவள். அப்பா போன் எடுக்கலையே, யாராவது பார்த்தீங்களா என்று கேட்டாள். எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒரு மகள் இப்படிக் கேட்கும்போது சும்மா இருக்க முடியவில்லை. அவர் இத்தனை வருடம் அவளிடம் சொல்லாமல் வைத்திருந்ததை நானாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"போனில் சத்தம் சரியாகக் கேட்கவில்லை அம்மா. எழுது, படிக்கிறேன். நீ வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்துக்காக இந்த வீடு காத்துக்கொண்டிருக்கிறது. உன்னை நினைக்காமல் நான் விளக்கை அணைத்த நாள் இல்லை" என்று எழுதினேன். அனுப்பிவிட்டு நானே இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். அக்கா அழுகை பொம்மை போட்டார். பல் டாக்டர்கூட இதயம் போட்டார். எல்லோரும் மகளின் பதிலுக்குக் காத்திருந்தோம்.

அவள் எழுதியது இது: "எங்க அப்பா என்னைக் கழுதைன்னுதான் கூப்பிடுவாரு. யார் நீங்க?"

எனக்கு அது வருத்தமாக இருந்தது. என் தொழிலில் இத்தனை வருடத்தில், ரொம்ப அன்பாக இருக்கிறது என்று ஒருவர் புகார் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

பல் டாக்டர் ஓடிவந்தார். அக்கா ஓடிவந்தார். நானும் போனேன். கதவை உடைக்க இரும்புக் கம்பி தேடியபோது என் வீட்டுச் சுத்தியலைக் கொண்டுவந்து கொடுத்ததும் நான்தான். அவர் குளியலறைத் தரையில் குழாயைப் பார்த்தபடி கிடந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்திருந்தார். அதன் கண்ணாடி நொறுங்கிப் போயிருந்தது. அதை வைத்துத்தான் தட்டியிருக்கிறார். முதல் நாளே பார்த்திருந்தால் இடுப்பெலும்போடு போயிருக்கும், ஆள் பிழைத்திருப்பார் என்று உங்கள் டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். இருக்கலாம். ஆனால் அவர் குழுவில் அந்த இரண்டு நாள் இருந்த மாதிரி அதற்கு முன்னால் ஒருநாளும் இருந்ததில்லை. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

என் கணினியில் அவர் கணக்கு இருப்பதைக் கண்டுபிடித்து, விடிந்ததும் சத்தமில்லாமல் வந்து என்னை ஸ்டேஷனுக்கு அழைத்து வந்தீர்கள். நீங்கள் நாகரிகமாக நடந்துகொண்டதால் கட்டடத்தில் இன்னும் யாருக்கும் விஷயம் தெரியாது. அவர் பெயரில் எழுதியது யார் என்று குழுவில் பெரிய ஆராய்ச்சி நடக்கிறதாமே. பிளம்பரைச் சந்தேகப்படுகிறார்கள், பல் டாக்டரைச் சந்தேகப்படுகிறார்கள், அந்த மகளே நாடகம் ஆடுகிறாள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நீங்கள் படித்துக் காட்டியபோது கவனமாகக் கேட்டேன். ஒருவர்கூட என்னைச் சொல்லவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவன் என்ற நினைப்புகூட யாருக்கும் வரவில்லை. அதனால்தான் இதை ஒளிவு மறைவில்லாமல் எழுதித் தருகிறேன். முதல் கட்டைவிரலையும், இரண்டாவதையும், குழாய் ரிப்பேரையும், மகளுக்கு எழுதியதையும் எழுதியவன் நான். சத்தம் என்னவென்று தெரிந்துதான் எழுதினேன். கீழே என் கையெழுத்தையே போடுகிறேன். அதற்குப் பக்கத்தில் பெயரையும் தெளிவாக எழுதியிருக்கிறேன், குழுவில் போடும்போது எழுத்துப் பிழை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் ஒரு சின்ன உதவி கேட்டேன், செய்தீர்கள், அதற்கும் நன்றி. நேற்றும் இன்றும் பத்து மணி தாண்டிவிட்டது, என் கட்டைவிரல் விழவில்லை. யாராவது கேட்டார்களா, வீட்டுப் பக்கம் யாராவது வந்து தட்டினார்களா என்று பார்க்கச் சொன்னேன். போனில் குழுவை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, அப்படி எதுவும் இல்லை என்றீர்கள். நீங்கள் என்னைப் பாவமாகப் பார்த்தீர்கள், அதற்கு அவசியமே இல்லை, மேடம். விதிப்படி தட்ட வேண்டியவர் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர்தான், மற்றவர்களைக் குறை சொல்லக் கூடாது. அவர் தாமதமாக வருகிற ஆளும் இல்லை. ஏதாவது குழாய் வேலையாக இருப்பார்.